டாக்டரைத் தேடுவதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்குங்கள்

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். அப்பாவும் அம்மாவும் கல்லிடைக்குறிச்சியில் தனியாக இருக்கிறார்கள், அப்பாவுக்கு 71 வயது, கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், சுகரும் பிரஷரும் உண்டு. ஒரு வருடமாகச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். கட்டிய கரண்ட் பில்லைக் கட்ட மறுபடியும் போய் நின்று கவுண்ட்டரில் சண்டை போட்டிருக்கிறார். அம்பாசமுத்திரம் மார்க்கெட்டுக்கு வண்டியில் போனவர் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கி, மறுநாள் காலையில் வண்டியைக் காணோம், பால்காரன்தான் எடுத்திருப்பான் என்று தெருவைக் கூட்டியிருக்கிறார். டாக்டரிடம் போகலாம் என்றால் "ஏல, எனக்கென்ன கோட்டியா புடிச்சிருக்கு?" என்று, பைத்தியமா பிடித்திருக்கிறது என்று, உங்கள் மேல் பாய்கிறார். அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஊருக்கு வருகிறீர்கள். நரம்பியல் டாக்டரா மனநல டாக்டரா, திருநெல்வேலி போதுமா சென்னைக்கே கூட்டிக்கொண்டு போய்விடலாமா, போகும்போதே எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸ் வேலை, அதில் பல வருடம் நரம்பியல் ஓ.பி.யில் டாக்டர் மேஜைக்குப் பக்கத்தில் நின்றவள். அப்புறம் என் அத்தையை, அதாவது மாமியாரை, டிமென்ஷியா என்கிற மறதி நோயோடு ஆறு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தேன். உங்கள் கேள்வி முழுக்க எந்த டாக்டர் என்பதிலேயே நிற்கிறது. நான் பார்த்தவரைக்கும், கூட யார் போகிறார்கள், கையில் என்ன கொண்டுபோகிறார்கள் என்பதில்தான் பாதிக்கு மேல் இருக்கிறது. எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் முதல் தடவை பத்து இருபது நிமிடம்தான் பார்ப்பார். அந்த நேரத்தில் உங்கள் அப்பா பிரமாதமாகப் பேசிவிடுவார், பாருங்கள். சலவை வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து "சாருக்கு எந்த ஊரு?" என்று டாக்டரையே விசாரிப்பார். நீங்கள் பக்கத்தில் நெளிந்துகொண்டு "கொஞ்சம் மறதி சார்" என்பீர்கள். "இந்த வயசுல எல்லாருக்கும் உள்ளதுதான்" என்று ஒரு சத்து மாத்திரையோடு திரும்பி வந்துவிடுவீர்கள். இப்படி எத்தனை பேர் திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

சாவியை வைத்த இடம் அயத்துப் போவது எனக்கும் தினம் நடக்கிறது. தேடுகிறேன், கிடைக்கிறது, என்னையே திட்டிக்கொள்கிறேன். வண்டியில் போனதே மனதில் இல்லாமல் பஸ் ஏறுவது வேறு. பெயர் சட்டென்று வரவில்லை என்றால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். நடந்த சம்பவமே துடைத்த மாதிரி போய்விடுவதும், நாற்பது வருடம் கை பழகிய வேலையில் வரிசை குழம்புவதும், காணாமல் போனதற்கு யாரோ திருடினார்கள் என்று காரணம் கண்டுபிடிப்பதும்தான் என்னை உட்கார வைக்கிறது. உங்கள் கடிதத்தில் இந்த மூன்றில் இரண்டு தெளிவாக இருக்கிறது. மிச்சமுள்ள ஒன்றை, கை பழகிய வேலையில் குழம்புகிறாரா என்பதை, அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அநேகமாக அதுவும் இருக்கும்.

எங்கள் வீட்டில் நோயை முதலில் காட்டிக்கொடுத்தது சொதி, தேங்காய்ப்பால் குழம்பு. அத்தை கை சொதிக்காகவே மறுவீட்டு விருந்துக்குச் சொந்தக்காரர்கள் ஒருநாள் முன்னாலேயே வந்துவிடுவார்கள். மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, இரண்டாம் பாலை விட்டு, கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருவதற்குள் இறக்க வேண்டும். எலுமிச்சை பிழிவதெல்லாம் இறக்கிய பிறகுதான். ஒருநாள் அடுப்பங்கரைக்குள் போனால் மூன்று கிண்ணத்தையும் வரிசையாக வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கிறார்கள். நான் பார்க்கிறேன் என்றதும் முதல் பாலை எடுத்து அப்படியே கொதிக்கிற சட்டியில் ஊற்றிவிட்டார்கள். திரிந்து போயிற்று. "தேங்கா சரியில்ல" என்றார்கள். நானும் தேங்காய் சரியில்லை என்றேன். நர்ஸ் நான், எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் இருக்கும், ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை.

அப்புறம் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டினோம். அத்தையின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. வயசானா இப்படித்தான், ராத்திரி தூக்கம் சரியில்லாததால் வருகிறது என்று தூக்க மாத்திரை எழுதினார். அதைப் போட்டபிறகு பகலிலும் தள்ளாட்டம், பேச்சுக் குளறல். எட்டு மாதம் அப்படியே ஓடியது. அவரை மட்டும் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. நாங்கள் மூன்று பேர் கூடப் போயும் ஒருவர்கூட சொதிக் கதையைச் சொல்லவில்லை.

அதனால் நீங்கள் ஊருக்கு வந்ததும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். அதில் "ஞாபக மறதி அதிகம்", "கோபம் வருகிறது" என்றெல்லாம் எழுதாதீர்கள், அந்த வார்த்தைகளால் டாக்டருக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. நடந்ததை எழுதுங்கள். எந்த மாதம், எங்கே, என்ன செய்தார், யார் பார்த்தார்கள். வண்டிக் கதை அப்படியே ஒரு பக்கம் வரட்டும். எதில் ஆரம்பித்தது, மெதுவாக ஏறிக்கொண்டே வந்ததா, அல்லது ஒருநாள் சட்டென்று ஒரு படி இறங்கி, கொஞ்ச நாள் அப்படியே நின்று, மறுபடியும் ஒரு படி இறங்கியதா? இந்தப் படிப்படியான இறக்கம் மூளை ரத்தக்குழாய் அடைப்பால் வருகிற வகையைக் காட்டும், சுகரும் பிரஷரும் உள்ளவருக்கு அதையும் மனதில் வைக்க வேண்டும். இல்லாத ஆள், குழந்தை, பூனை என்று கண்ணுக்குத் தெரிவதாகச் சொல்கிறாரா, தூக்கத்தில் கை காலை வீசி அடிக்கிறாரா, நடை சின்னச் சின்ன அடியாக ஆகிவிட்டதா? இது லூயி பாடி என்கிற வகையின் சாயல். டாக்டருக்கு முன்கூட்டியே தெரியாவிட்டால் ஆபத்து, ஏனென்றால் சந்தேகத்துக்கும் படபடப்புக்கும் சாதாரணமாகக் கொடுக்கிற சில மனநல மாத்திரைகள் இவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் உடம்பைக் கட்டையாக்கிவிடும். ஞாபகம் நன்றாகவே இருந்து குணம் மட்டும் தலைகீழாக மாறியிருந்தால், கூச்சம் போய், யாரையும் மதிக்காமல், இனிப்பை அள்ளி அள்ளித் தின்றால், அது இன்னொரு வகை. அது ஐம்பதுகளிலேயே கூட வரும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது, தம்பி. மாதம் ஒரு தடவை வந்து இரண்டு நாள் இருக்கிற உங்களுக்கு எப்படித் தெரியும்? அம்மாவுக்குத்தான் தெரியும். ஆனால் அம்மாவிடம் "அப்பா எப்படி இருக்காங்க?" என்று கேட்டால் "அவிய நல்லாத்தான் இருக்காவ, நீ வேலையப் பாரு" என்றுதான் பதில் வரும். நம் ஊர் அம்மாக்கள் மூடி மூடி வைப்பதில் மன்னர்கள். அப்பா இல்லாத நேரம் பார்த்து, அம்மா காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று கேளுங்கள்: இரண்டு வருடம் முன்னால் அப்பாவே செய்துகொண்டிருந்த எதையெல்லாம் இப்போது நீ செய்கிறாய்? அப்போது ஒவ்வொன்றாக வரும். பாஸ்புக்கை நான்தான் எடுத்துட்டுப் போறேன். மாத்திரையை எடுத்துக் கையில கொடுத்தாத்தான். குளிச்சாச்சுன்னு சொல்லுதாவ, துண்டு காஞ்சுபோய்க் கிடக்கு. டிமென்ஷியா என்று டாக்டர் முடிவு செய்வதற்கு ஞாபகச் சோதனையில் வாங்குகிற மார்க் மட்டும் போதாது, தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வது குறைந்திருக்கிறதா என்றுதான் முக்கியமாகப் பார்ப்பார். அந்தப் பதில் அம்மாவின் வாயில் இருக்கிறது. ஆகவே டாக்டரிடம் அம்மா கட்டாயம் வர வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டு வரட்டும்.

கணவனோ மனைவியோ சொல்கிற இந்தப் பேச்சுக்கு எவ்வளவு மதிப்பு என்றால், அல்சைமர் என்று இன்றைக்கு நாம் சொல்கிற டிமென்ஷியா வகையே அப்படி ஒரு பேச்சில்தான் தொடங்கியது. 1901இல் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் 51 வயது மனைவியை ஒருவர் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தார். ஞாபகம் குறைகிறது, காரணமே இல்லாமல் என்னைச் சந்தேகப்படுகிறாள் என்றார். அலோய்ஸ் அல்சைமர் என்ற டாக்டர் அந்த அம்மாவிடம் கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் வரி வரியாக எழுதி வைத்தார். அந்த அம்மா 1906இல் இறந்தபிறகு அவர் மூளையை அல்சைமர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அதே ஆண்டு மற்ற டாக்டர்கள் முன்னால் சொன்னார். இன்றைக்கு நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் டிமென்ஷியா இருப்பதாகப் பெரிய ஆய்வு ஒன்று கணக்குச் சொல்லியிருக்கிறது. நம் தெருவிலேயே நாலைந்து வீடு இருக்கும், எல்லாரும் தேங்காய் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

சரி, ஒன்றை இப்போதே போனில் கேட்டுவிடுங்கள், சனிக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டாம். இது ஒரு வருடமாக மெதுவாக வந்ததா, இல்லை இந்த ஒரு வாரத்தில் திடீரென்று மோசமானதா? இரண்டு மூன்று நாளில் ஆள் மாறிப்போய், பகலில் தூங்கி ராத்திரி உளறினால் அது வேறு கதை. மூத்திரத்தில் கிருமி, நெஞ்சுச் சளி, ரத்தத்தில் உப்பு குறைவது, சுகர் இறங்குவது, ஏதாவது ஒன்று இருக்கும். அதற்கு ஸ்பெஷலிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் எல்லாம் வேண்டாம், உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அவசரமாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டியது. பேச்சு குழறி ஒரு பக்கம் கை கால் விழுந்தால் சொல்லவே வேண்டாம், 108தான்.

இன்னொன்று, எப்போதாவது விழுந்தாரா? ஆற்றுப் படித்துறைப் பாசியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டு, ஒன்றுமில்லை என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டவர் ஒருவர் ஓ.பி.க்கு வந்தார். ஒன்றரை மாதமாக மறதி, மந்தம், இடது கால் லேசாக இழுக்கிறது. வீட்டில் எல்லாரும் வயசு என்று நினைத்திருந்தார்கள். பேரன்தான் சும்மா பேச்சுவாக்கில் படித்துறை சமாச்சாரத்தைச் சொன்னான். சி.டி. எடுத்தால் மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் கட்டி மூளையை ஒரு பக்கமாக அமுக்கிக்கொண்டிருந்தது. ஓட்டை போட்டு ரத்தத்தை எடுத்தார்கள், பத்து நாளில் பழைய மனுஷராக எழுந்து காபியில் சர்க்கரை போதவில்லை என்று என்னிடம் சண்டை போட்டார். இதயத்துக்கென்று ரத்தம் உறையாமலிருக்கிற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு லேசான அடியிலும் இப்படி ஆகும்.

மாத்திரைப் பையை அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள், சீட்டு மட்டும் போதாது. சீட்டில் இருப்பது ஒன்று, நம் ஆட்கள் சாப்பிடுவது வேறு. அரிப்புக்கும் சளிக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற பழைய வகை அலர்ஜி மாத்திரை, பஸ் பயணத்துக்கு வாந்தி மாத்திரை, மூத்திரம் அடிக்கடி வருவதற்கு எழுதின மாத்திரை, எப்போதோ எழுதி விடாமல் தொடர்கிற தூக்க மாத்திரை, இவையெல்லாம் வயதானவர்களின் ஞாபகத்தைக் கலக்கும். அப்பா சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருடமாக எடுக்கிறார் என்றால் பி12 குறைந்திருக்க நிறைய வாய்ப்பு, கூடவே வயிற்றெரிச்சல் மாத்திரையும் தினம் எடுத்தால் இன்னும் குறையும், அதோடு வீடும் சைவச் சாப்பாட்டு வீடாக இருந்தால் சொல்லவே வேண்டாம். பிரஷர் மாத்திரையில் நீர் பிரிகிற மருந்து கலந்திருந்தால் சோடியம் இறங்கும். தைராய்டு குறைந்தாலும் புத்தி மந்தமாகும். இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. அம்பாசமுத்திரத்திலேயே ஒரு லேபில் ரத்த அணுக்கள், சுகர், சிறுநீரகம், கல்லீரல், சோடியம் பொட்டாசியம், கால்சியம், தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., பி12 பார்த்துவிட்டு ரிப்போர்ட்டோடு போனால் முதல் விசிட்டிலேயே ஒரு படி தாண்டிவிடலாம். உங்கள் குடும்ப டாக்டரே எழுதிக் கொடுப்பார். பி12 குறைவாக வந்தால் அதுதான் காரணம் என்று ஊசி போட்டுக்கொண்டு ஒரு வருடம் உட்கார்ந்துவிடாதீர்கள். அதைச் சரிசெய்துகொண்டே மற்றதையும் பார்க்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ.யை நீங்களாக எடுக்காதீர்கள். மூளையின் எந்தப் பகுதியை எந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்து எடுப்பதற்கும், மொத்தமாக எடுத்துத் தருவதற்கும் வித்தியாசம் உண்டு. காசும் இரண்டு தடவை போகும். ரிப்போர்ட்டில் "வயதுக்கேற்ற சுருக்கம்" என்று போட்டிருப்பார்கள், அதைப் படித்துவிட்டு ஒரு வீட்டில் அழுவார்கள், இன்னொரு வீட்டில் நிம்மதியாவார்கள். இரண்டுக்கும் அதில் இடமில்லை. ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் தெரியாமலேயே நோய் இருக்கலாம். கட்டி, ரத்தக்கட்டு, பழைய அடைப்பு, மூளைக்குள் நீர் கோத்துக்கொள்வது, இதெல்லாம் இல்லை என்று உறுதிசெய்யத்தான் முதல் வேலையாக ஸ்கேன். நீர் கோத்துக்கொள்வது என்றேன் இல்லையா, அதில் மறதியோடு கால் தரையில் ஒட்டின மாதிரி நடை, மூத்திரம் அடக்க முடியாமை மூன்றும் சேர்ந்து வரும், அதற்கு ஆபரேஷன் உண்டு.

இப்போது யாரைப் பார்ப்பது. நரம்பியல், மனநலம், முதியோர் மருத்துவம் மூன்று பேருமே இந்த நோயைப் பார்ப்பார்கள். உங்கள் அப்பா விஷயத்தில் முதலில் நரம்பியல் என்பேன், சுகர் பிரஷர் இருப்பதாலும் ரத்தக்குழாய்க் கதையைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருப்பதாலும். சந்தேகம், தூக்கமின்மை, எதிலும் ஒட்டாமல் சுருண்டு கிடப்பது, இதுதான் பெரிது என்றால் மனநல டாக்டர். வயதானவர்களுக்கு வருகிற மனச்சோர்வு அச்சு அசலாக மறதி மாதிரியே வேஷம் போடும். ஓ.பி.யில் நாங்கள் பார்க்கிற ஒரு அடையாளம் சொல்கிறேன், சட்டம் இல்லை, ஒரு சாடை. மனச்சோர்வு உள்ளவர் "எனக்கு ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது, நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று தானே புலம்புவார், கேள்வி கேட்டால் தெரியாது என்று கையை விரிப்பார். மறதி நோய் உள்ளவர் தனக்கு ஒன்றுமே இல்லை என்பார். காலையில என்ன சாப்பிட்டீங்க என்று கேட்டால் சட்டென்று தலையைத் திருப்பி மனைவி முகத்தைப் பார்ப்பார். நல்ல டாக்டர் அந்தத் திரும்பலைக் கவனித்துவிடுவார்.

ஊர் விஷயத்தில் என் அபிப்பிராயம் பளிச்சென்று: முதல் அபிப்பிராயத்துக்குச் சென்னை வேண்டாம். ராத்திரி முழுக்க ரயில், காலையில் தெரியாத பிளாட், பாத்ரூம் எங்கே என்று தெரியாமல் சுவரைத் தடவுவார், குழப்பம் இரண்டு மடங்காகும், டாக்டர் பார்க்கிறபோது இருக்கிறதைவிட மோசமாகத் தெரிவார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கிற மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நரம்பியலும் மனநலமும் இரண்டும் இருக்கின்றன, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அங்கேயே அனுப்புவார்கள். எந்தக் கிழமை ஓ.பி. என்று முன்னாலேயே விசாரித்துக்கொண்டு, காலையில் சீக்கிரம் சீட்டுப் போட்டுவிடுங்கள். சனி ஞாயிறு மட்டும் வந்தால் நடக்காது, திங்கள் செவ்வாய் லீவு போடுங்கள். கூட்டத்தில் காத்திருக்க அப்பாவுக்கு முடியாது என்றால் பாளையிலேயே தனியாகப் பார்க்கிற நரம்பியல் டாக்டர்கள் இருக்கிறார்கள். கல்லிடையிலிருந்து சேரன்மகாதேவி வழியாக ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும், ரயிலும் உண்டு. தேவைப்பட்டால் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு நம் பக்கத்து ஆட்களுக்குத் திருவனந்தபுரம்தான் கிட்டே. அங்கே ஸ்ரீசித்ரா இன்ஸ்டிட்யூட்டில் மறதி நோய்க்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. இங்கேயுள்ள டாக்டரின் கடிதத்தோடு, முன்பதிவு செய்துகொண்டு போங்கள். சென்னை கிண்டியில் 2024இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனையும், மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான பெங்களூரு நிம்ஹான்ஸும் அதற்கடுத்துதான். ஐம்பது ஐம்பத்தைந்து வயதில் ஆரம்பித்தால், ஆறு மாதத்துக்குள் வேகமாக இறங்கினால், அல்லது ஒரு டாக்டர் சொல்வது இன்னொருவரோடு ஒத்தே போகாவிட்டால் அங்கெல்லாம் போகலாம்.

அப்பாவை எப்படிக் கூட்டிப்போவது? கோட்டி என்ற சொல் அவர் மனதில் உட்கார்ந்திருக்கிறது. மறதி டாக்டர், மூளை டாக்டர் என்று சொல்லிப் பயனில்லை. கதவைப் பூட்டி வேனில் ஏற்றுகிற வேலையும் வேண்டாம், அப்புறம் ஜென்மத்துக்கும் ஆஸ்பத்திரி வாசல் மிதிக்க மாட்டார். பொய்யும் சொல்லாமல் ஒரு வழி இருக்கிறது. அம்மாவுக்கு மூட்டுவலியோ தலைச்சுற்றலோ நிச்சயம் ஏதாவது இருக்கும். அம்மாவைக் காட்டப் போகிறோம், கூட நீங்களும் வாங்க, சுகர் இருக்கிறவங்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை நரம்பையும் பார்க்கணுமாம், இரண்டு பேரும் பார்த்துட்டு வந்துடலாம் என்று சொல்லுங்கள். சுகருக்கு நரம்பு பார்ப்பது உண்மைதானே. கணக்கு எழுதின மனுஷர், வருடாந்திரத் தணிக்கை என்றால் ஒத்துக்கொள்வார்.

நோட்டில் எழுதியதை ஒரு பக்கத்துக்குச் சுருக்கி, மடித்து, ஓ.பி. சீட்டோடு சேர்த்து நர்ஸிடம் கொடுத்து, "சிஸ்டர், அப்பா முன்னால சொல்ல முடியாது, டாக்டர் முதல்ல இதைப் பார்க்கணும்" என்று சொல்லுங்கள். நாங்கள் அதை மேலே வைத்துவிடுவோம், எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். அப்பாவின் முன்னால் அவர் குறையை வரிசையாகச் சொல்கிற கொடுமை தவிரும். அம்மாவிடம் தனியாக ஐந்து நிமிடம் பேசும்படியும் அந்தத் தாளிலேயே கேளுங்கள்.

உள்ளே போனால் சில சோதனை இருக்கும். இன்றைக்கு என்ன தேதி, எந்த இடம், மூன்று சொல் அல்லது ஐந்து சொல் சொல்லி அப்புறம் கேட்பது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது, படத்தைப் பார்த்து வரைவது. பெரும்பாலும் முப்பதுக்கு மார்க். 1975இல் வந்த எம்.எம்.எஸ்.இ., 2005இல் வந்த மோக்கா, இரண்டும்தான் அதிகம் பயன்படுகின்றன, தமிழிலும் செய்கிறார்கள். ஒரு வட்டத்தில் கடிகாரம் வரைந்து பதினொன்று பத்துக்கு முள் வை என்பார்கள். வரைந்ததைப் பார்த்தால் உங்களுக்கு வியர்க்கும். நிறைய பேர் ஒரு முள்ளைப் பதினொன்றிலும் இன்னொன்றைப் பத்திலும் வைப்பார்கள், பத்து நிமிடத்துக்கு இரண்டில் வைக்க வேண்டும் என்று மாற்றி யோசிக்க வராது. அத்தை பன்னிரண்டு எண்ணையும் வலது பக்கத்திலேயே நெருக்கி எழுதிவிட்டு, இடது பக்கம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து "இடம் மிச்சமிருக்கு" என்று சிரித்தார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அப்போது நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. "அப்பா, வெள்ளிக்கிழமைப்பா, சொல்லுங்கப்பா" என்று எடுத்துக்கொடுக்கிற பிள்ளைகளை வெளியே அனுப்பியிருக்கிறேன். வீட்டில் ஒத்திகை பார்ப்பதும் கூடாது. மார்க்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூடமே போகாத ஆச்சிக்கு இருபது வந்தாலும் மூளை நன்றாக இருக்கலாம். காலமெல்லாம் கணக்குப் பார்த்த உங்கள் அப்பா நூறிலிருந்து ஏழைக் கழித்துக்கொண்டே போய் டாக்டரையே அசத்திவிடலாம், 27 வாங்கிவிட்டு வெளியே வந்து செருப்பை எங்கே விட்டோம் என்று தேடலாம். அதற்காகத்தான் நோட்டு. சந்தேகம் தீராவிட்டால் சைக்காலஜிஸ்ட் ஒருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து செய்கிற விரிவான சோதனைக்கு அனுப்புவார்கள், மறுக்காதீர்கள்.

வெளியே வருவதற்குள் டாக்டரிடம் கேட்க வேண்டியது: இது டிமென்ஷியாதானா, இல்லை அதற்கு முந்தைய லேசான குறைபாடா, என்ன வகை என்று நினைக்கிறீர்கள், எவ்வளவு உறுதி, எதையெல்லாம் இன்னும் விலக்க வேண்டும், மறுபடி எப்போது பார்ப்பீர்கள். லேசான குறைபாடு என்றால் எல்லாருக்கும் அது முற்றிவிடுவதில்லை, சிலர் அப்படியே நிற்பார்கள், சிலர் தேறவும் செய்வார்கள், ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி சோதித்துப் பார்ப்பதுதான் வழி. "இப்பவே உறுதியாச் சொல்ல முடியாது, ஆறு மாதம் கழிச்சு வாங்க" என்று சொல்கிற டாக்டரை விட்டு ஓடிவிடாதீர்கள், பெரும்பாலும் அவர்தான் நேர்மையான டாக்டர். அல்சைமர் என்று சொல்லி டோனெபெசில் எழுதினால் அது குணமாக்குகிற மருந்து இல்லை, கொஞ்ச காலத்துக்குக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், சிலருக்கு அதுவும் தெரியாது. நாடித் துடிப்பைக் குறைக்கும் என்பதால் ஈ.சி.ஜி. பார்த்தார்களா என்று கேளுங்கள். வயிற்றுப்போக்கு, கெட்ட கனவு வந்தால் நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடட்டும், ஞாபக சக்தி லேகியத்துக்கு ஆயிரக்கணக்கில் கொட்டாதீர்கள்.

முடிவு வருவதற்குக் காத்திராமல் இப்போதே செய்யவேண்டியது இரண்டு. வண்டிச் சாவியைப் பக்குவமாக வாங்கிவிடுங்கள். பெட்ரோல் இல்லை, சர்வீஸுக்குப் போயிருக்கிறது, என்ன காரணமோ. அப்புறம் பேங்க் கணக்கில் அம்மா பெயரைச் சேர்ப்பது, நாமினி, உயில், எதுவாக இருந்தாலும் அப்பா தெளிவாக இருக்கும்போதே, அவர் விருப்பத்தைக் கேட்டு, முடித்துவிடுங்கள். பவர் எழுதி வாங்கிக்கொண்டால் போதும் என்று நினைப்பார்கள், நம் நாட்டுச் சட்டப்படி எழுதிக் கொடுத்தவர் புத்தி ஸ்வாதீனம் இழந்தால் அந்தப் பவரும் செத்துவிடும். வக்கீல் ஒருவரைப் பாருங்கள். நீங்கள் சென்னையில் இருக்கும்போது அம்மாவுக்கு ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் மனநல உதவிக்கு 14416 டெலிமானஸ், பகலில் முதியோர் உதவிக்கு 14567, இரண்டையும் பெரிய எழுத்தில் காலண்டர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

போகிற அன்றைக்குக் காலை நேரமாகப் பாருங்கள், சாயங்காலம் இவர்களுக்குப் பெரும்பாலும் கொஞ்சம் மந்தம். இட்லி சாப்பிட்டு, சுகர் மாத்திரை போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு வரட்டும். காது மந்தமா என்பதையும் நோட்டில் எழுதுங்கள். கேட்காததால் பதில் சொல்லாமலிருப்பதை மறதி என்று குறித்துவிடுவார்கள், அத்தைக்கு ஒரு தடவை அப்படி ஆயிற்று. பார்த்துவிட்டு வந்து என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். கை பழகிய வேலையில் குழம்புகிறாரா என்ற அந்த மூன்றாவது விஷயத்துக்கு அம்மா என்ன பதில் சொன்னார்கள் என்பதையும்.